வல்லூறுகளின் கணக்குப் புத்தகம்

ரே ஸ்டர்டிவன்ட் 1984இல் வெளியிட்ட 'தி ஸ்குவாட்ரன்ஸ் ஆஃப் தி ஃப்ளீட் ஏர் ஆர்ம்' நூலை யாரும் இலக்கியம் என்று சொல்லப்போவதில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவுகளை எண் வரிசையில் அடுக்கியிருக்கும் தொகுப்பு அது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் முதலில் நெருக்கிப் பிடித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு. எந்த ஊரில் உருவானது, எந்தக் கப்பலில் ஏறியது, எங்கே சண்டை போட்டது, என்றைக்குக் கலைக்கப்பட்டது. அதன்பிறகு பட்டியல்கள்: எந்த ரக விமானம், எந்தத் தளம், யார் கட்டளை அதிகாரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. உரிச்சொல் என்று தேடினால் ஒன்றோ இரண்டோ அகப்படும்.

கூலிம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற எனக்கு இந்த நடை அந்நியமில்லை. ஷிப்ட் முடிந்து போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைக்கும் குறிப்பு இப்படித்தான் இருக்கும். மூணாம் நம்பர் மெஷின் நின்றது, இத்தனை மணிக்கு ஓடியது, இன்ன பாகம் மாற்றப்பட்டது. அதை எழுதியவனுக்கு அன்றைக்குக் காய்ச்சலா, வீட்டில் சண்டையா என்பதெல்லாம் அதில் வராது. ஆனால் அந்தக் குறிப்பை நம்பலாம். போர்க்காலத்தைப் பற்றி நம் இதழ்களில் எழுதுகிறவர்கள் இந்த வகை நூல்களைத் தொடுவதே இல்லை. வெள்ளைக்காரன் தன் பெருமையைத் தானே பேசிக்கொள்வது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதோடு, இந்த நூல்களை நாம்தான் சரியாக வாசிக்க முடியும் என்றும் சொல்வேன். ஏன் என்பதற்கு 804ஆவது ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்கிறேன்.

804 ஒரு போர் விமானப் பிரிவு. 1939 கடைசியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவின் ஹாட்ஸ்டன் தளத்தில் உருவானது. அப்போது அதனிடம் இருந்தவை இரட்டைச் சிறகு வைத்த சீ கிளாடியேட்டர்கள். 1940இல் பிரிட்டன் வான்போரில் விமானப்படையின் கட்டளைக்குக் கீழே பறந்த கடற்படைப் பிரிவுகள் இரண்டே இரண்டு: 804, 808. பிறகு 1944 நடுவில் 804 கலைக்கப்பட்டது. சில மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் விங்ஃபீல்டில் அதே எண்ணோடு மறுபடியும் உருவாக்கப்பட்டது. இப்போது ஆட்கள் வேறு, விமானம் வேறு, கடலே வேறு. அமெரிக்காவின் ஹெல்கேட் விமானங்களோடு 'அமீர்' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் ஏறி இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது.

பிடியையும் மாற்றி, அலகையும் மாற்றிவிட்டு 'இது எங்க தாத்தா கத்தி' என்று சொல்கிற கதைதான். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு இது எளிதில் புரியும். கரங்கானில் டப்ளின் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அயர்லாந்தின் தலைநகரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு என்ன சம்பந்தம்? கம்பெனி மாறும், துரை மாறுவான், ரப்பர் போய்ச் செம்பனை வரும், லயம் இடிபடும். பெயர் மட்டும் நிற்கும். நிறுவனங்கள் தங்களைத் தொடர்ச்சியாக நினைத்துக்கொள்ளும் விதம் அது. ஸ்குவாட்ரன் வரலாறு என்பது மனிதர்களின் வரலாறு என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினால் ஏமாற்றம்தான். அது ஓர் எண்ணின் வரலாறு. மனிதர்கள் அதில் தேதிகளுக்கு நடுவே ஏறி இறங்குகிறார்கள்.

எதற்காக இந்தக் கடலுக்கு வந்தார்கள்? ஒரு பழைய தோல்வி பின்னால் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்து 803, 806 ஆகிய இரண்டு கடற்படைப் பிரிவுகளின் ஃபுல்மார் விமானங்கள் எதிர்கொண்டு போயின. ஃபுல்மாரில் எட்டுத் துப்பாக்கிகள் உண்டு. ஆனால் இரண்டு பேர் உட்காரும் கனத்த விமானம், மெதுவானது. ஜப்பானிய ஜீரோவோடு அது மோதியது மாட்டுவண்டி மோட்டார் சைக்கிளைத் துரத்தியது மாதிரி. திரிகோணமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த 788ஆவது பிரிவின் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் வழியிலேயே மாட்டிக்கொண்டன, ஆறும் வீழ்ந்தன. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மீஸ்' மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்றைக்கு அதன்மேல் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர்களிடம் அமெரிக்க விமானங்கள் இருந்தன. தளங்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவியிருந்தன. இங்கேதான் ஸ்டர்டிவன்ட் பட்டியலில் என் கண் நின்றது. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு விநோதமான வழக்கம் உண்டு. தரையில் இருக்கும் விமானத் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள், அதுவும் பறவைப் பெயராக. கோயம்புத்தூர் பழுதுபார்க்கும் தளம் 'கருடா'. சூலூர் 'வைரி'. தாம்பரம் 'வல்லூறு'. புத்தளம் 'ராஜாலிய', கட்டுகுருந்த 'உகுஸ்ஸா', இரண்டும் சிங்களத்தில் கழுகு, பருந்து வகைகளின் பெயர்கள். ஆங்கில எழுத்தில் பார்க்கும்போது 'வல்லூறு' என்பது ஏதோ இத்தாலிய ஊர் மாதிரி தெரிகிறது. மெல்ல வாய்விட்டுப் படித்தால்தான் நம்ம ஆள் என்று புரியும்.

யார் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? எவனோ ஒரு கிளார்க்கிடம், 'உங்க ஊரில் பருந்துக்கு என்னப்பா பெயர்' என்று ஒரு அதிகாரி கேட்டிருக்கலாம். என் கற்பனைதான். நூலில் அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பெயர்கள் தமிழ் என்பதைக்கூட அது சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ஆனால் வாசிக்கிற நமக்கு இருக்கிறது.

இந்தப் பட்டியல் நடைக்கு எதிர்முனையில் இருப்பது நார்மன் ஹான்சன் எழுதிய 'கேரியர் பைலட்'. 1979இல் வந்தது. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த பிரதியாக எனக்குக் கிடைத்தது. ஹான்சன் 1833ஆவது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியவர். கோர்சேர் விமானத்தில் 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலிலிருந்து பறந்தவர். கோர்சேரின் மூக்கு நீளம். இறங்கும்போது விமானிக்கு முன்னால் கப்பல் தளம் தெரியாது. வளைந்து வளைந்து வந்து கடைசி நிமிடத்தில் நேராக்கி இறக்க வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்களின் உள்கொட்டகைக்கு உயரம் போதாததால், சிறகை மடக்கி நிறுத்துவதற்காக நுனியில் எட்டு அங்குலம் வெட்டிவிட்டார்கள். பொறியியல் மாணவர்களுக்கு இந்த ஒரு விஷயமே ஒரு செமஸ்டருக்குப் போதும். கிடைத்த பொருளை இருக்கிற இடத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்வதுதானே நாங்கள் தினமும் செய்கிற வேலை.

ஹான்சனிடம் பயம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, செத்துப்போன நண்பர்கள் இருக்கிறார்கள். ஸ்டர்டிவன்ட் மூன்று வரியில் கடந்துபோகிற பாலெம்பாங் தாக்குதலை அவர் உள்ளிருந்து எழுதுகிறார். 1945 ஜனவரி 24, 29 இரண்டு நாட்களிலும் சுமத்ராவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்மீது நடந்த தாக்குதல் அது. அதில் பிடிபட்ட விமானிகளில் ஒன்பது பேரைப் போர் முடியும் தறுவாயில் ஜப்பானியர் சிங்கப்பூரில் கொன்றார்கள். அந்த ஒன்பது பேருக்கும் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, எந்த ஸ்குவாட்ரன் என்று இருக்கிறது. அவர்களைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். தூக்கிப்போட முடியாத சாவு அது. நல்ல நினைவுக்குறிப்பு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் ஹான்சனைக் காட்டுவேன். இருந்தாலும் அவருடைய உலகம் கப்பல் தளத்தின் விளிம்போடு முடிகிறது. அதற்குக் கீழே இருப்பது கடல், அதற்கு அப்பால் இருப்பது இலக்கு.

சரி, இலக்குக்கு வருவோம்.

1945 பிப்ரவரி கடைசியில் 'எம்பிரஸ்', 'அமீர்' என்ற இரண்டு கப்பல்கள் திரிகோணமலையிலிருந்து கிளம்பின. நடவடிக்கைக்கு 'ஸ்டேசி' என்று பெயர். குண்டு போடுவதற்காகப் போகவில்லை, படம் எடுக்கப் போனார்கள். 'எம்பிரஸ்' கப்பலில் இருந்த 888ஆவது ஸ்குவாட்ரனின் ஹெல்கேட்களில் கேமரா பொருத்தியிருந்தது. அமீரில் இருந்த 804 பாதுகாப்புக்கு. கிரா பூசந்தி, பினாங்கு, வட சுமத்ரா மூன்றையும் மேலிருந்து படம் பிடித்தார்கள். தேடி வந்த மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார்கள். நூலில் இதற்குச் சில வரிகள்தான்.

அதில் 'கிரா பூசந்தி' என்ற இரண்டு சொல்லில்தான் என் கதை மாட்டிக்கொண்டது.

தாய்லாந்தின் கழுத்து மாதிரி குறுகிய அந்த இடத்தில், 1943இல் ஜப்பானியர் ஒரு ரயில் பாதை போட்டார்கள். கிழக்குக் கரையில் சும்போனில் தொடங்கி மேற்கே காவ் ஃபாச்சி வரை ஏறத்தாழ 90 கி.மீ. ஜூனில் தொடங்கி டிசம்பரில் முடித்துவிட்டார்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள், அவர்களிலும் தமிழர்களே அதிகம். சயாம் மரண ரயில் என்றால் நமக்கு உடனே காஞ்சனபுரி, குவாய் ஆற்றுப் பாலம், பர்மா எல்லை. 415 கி.மீ. நீளமான அந்தப் பெரிய பாதையின் நிழலில் இந்தச் சின்னப் பாதை மறைந்தே போனது. தோட்டத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: 'சயாமுக்குப் போனாங்க.'

எங்கள் வீட்டிலும் ஒருவர் போனார். கொள்ளுத்தாத்தாவின் தம்பி. பாட்டி சொன்ன தகவல் இவ்வளவுதான்: கங்காணி பேர் எழுதினான், லாரியில் ஏத்தினான், சுங்கை பட்டாணியில் ரயில் ஏறினதைப் பார்த்தவங்க உண்டு, அப்புறம் போனவர் போனவர்தான். சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே போகும் ரயில் அலோர் ஸ்டார், பாடாங் பெசார், ஹட்யாய் தாண்டிச் சும்போன் வழியாகத்தான் பான் பொங்குக்குப் போகும். அதாவது காஞ்சனபுரிக்குப் போனவர்களும் சும்போனைத் தாண்டித்தான் போனார்கள். அவர் அங்கேயே இறக்கப்பட்டாரா, இன்னும் மேலே போனாரா? வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால், 'எங்க போனா என்னடா, வரல இல்ல' என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எனக்கு இடம் வேண்டும். எங்கே என்று தெரியாத சாவை எழுத முடியாது.

இப்போது இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய பாதையில் செத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரிக் கல்லறையில் மட்டும் ஏழாயிரம் பேருக்கு நெருக்கி வரிசையாகக் கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் செத்தார்கள்? 70,000 என்பவர்கள் உண்டு, 90,000 என்பவர்கள் உண்டு. நடுவே விழுந்த இருபதாயிரம் பேர் எங்கே போனார்கள்? மதிப்பீட்டில் போனார்கள். ஹெல்கேட் விமானங்களுக்கு ஜே.வி., ஜே.எக்ஸ். என்று தொடங்கும் பதிவெண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உண்டு. இன்ன விமானம் இன்ன தேதியில் கப்பல் தடுப்பில் மோதியது, இன்னது கடலில் விழுந்தது என்று அந்தத் துறை ஆர்வலர்கள் எண் வாரியாகச் சொல்லிவிடுவார்கள். போர் முடிந்ததும், அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய இந்த விமானங்களுக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் பலவற்றைக் கடலில் தள்ளிவிட்டார்கள். தள்ளியதற்கும் கணக்கு உண்டு. விமானத்துக்கு இருந்த பதிவெண் தண்டவாளத்தடியில் செத்தவனுக்கு இல்லை.

இதற்கு ஸ்டர்டிவன்டைக் குற்றம் சொல்வது பாமரத்தனம். தன் ஆட்களின் கணக்கை அவர் ஒழுங்காக எழுதினார். நம் ஆட்களின் கணக்கை எழுத வேண்டியது அவர் வேலை அல்ல. நான் குறை சொல்ல நினைப்பது நம் பக்கத்தை.

மலேசியத் தமிழில் இந்தக் காலத்தை எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இல். இவர்கள் எழுதாவிட்டால் எங்கள் தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. அதற்கு முன்பே ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் மெடானையும் பினாங்கையும் இடையில் கிடக்கும் கடலையும் எழுதிவிட்டார். ஆனாலும் நம் போர்க்கால எழுத்தை மொத்தமாகப் பார்க்கும்போது, அதில் மண் இருக்கிற அளவுக்கு வானம் இல்லை என்று தோன்றுகிறது. பசி, சிரங்கு, மலேரியா, மரவள்ளிக்கிழங்கு, கங்காணியின் துரோகம் எல்லாம் துல்லியமாக வரும். மேலே சத்தம் கேட்டால் 'வெள்ளைக்காரன் பிளேன்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். அது எங்கிருந்து வந்தது, எதைத் தேடி வந்தது என்று கதையும் கேட்பதில்லை, கதையை விமர்சிக்கிறவர்களும் கேட்பதில்லை. பாட்டிமார் கேட்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு, பதுங்கு குழிக்குள் ஓட வேண்டியிருந்தது. எழுத்தாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேட்டிருந்தால் கதை இன்னும் சிக்கலாகியிருக்கும். ஒரே லயத்தில் ஒருவன் சயாமுக்குப் போனான், பக்கத்து வீட்டுக்காரன் நேதாஜி படையில் சேர்ந்தான். மேலே பறந்த ஹெல்கேட் ஒருவனுக்கு விடுதலை வரப்போகிற அறிகுறி, மற்றவனுக்கு எதிரி. அதே விமானத்தின் பெட்ரோல் தொட்டி, குண்டு துளைத்தால் தானாக அடைத்துக்கொள்ளும்படி உள்ளே ரப்பர் வைத்துச் செய்தது. மலாயா ரப்பர் கைவிட்டுப் போனதால் அமெரிக்காக்காரன் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டினான். இங்கே வாங்க ஆளில்லாத மரத்துக்கு அடியில் நம் ஆட்கள் மரவள்ளி நட்டார்கள். ஒரு நாவலுக்குப் போதுமான முடிச்சு இது. எவரும் கையில் எடுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சொற்களைக் கொஞ்சம் நின்று வாசிக்கவும் வேண்டும். 1945 ஜூலை 24 முதல் 26 வரை 'லிவரி' என்ற நடவடிக்கை நடந்தது. அமீரில் 804, எம்பிரஸில் 896. ஒரு பக்கம் புக்கெட் கடலில் கண்ணிவெடிகளை அகற்றினார்கள், இன்னொரு பக்கம் வட மலாயாவின் விமானத் தளங்களைத் தாக்கினார்கள். மூன்று நாளில் 150க்கும் மேற்பட்ட பறப்புகள், தரையில் நின்ற 30 விமானங்கள் அழிப்பு. 'வெஸ்டல்' என்ற கண்ணிவாரிக் கப்பல் ஜப்பானியத் தற்கொலை விமானம் மோதிப் போனது. கூடவே ஒரு சொல்: 'ரயில், சாலைப் போக்குவரத்தும்' தாக்கப்பட்டது. போக்குவரத்து என்றால் என்ன? எஞ்சின், பெட்டி, லாரி. பெட்டிக்குள்? சயாமில் பிழைத்துக் கிடந்தவர்கள் போர் முடியும்வரை அங்கேதான் இருந்தார்கள், பலர் வீடு திரும்பியது அதற்கும் பிறகு. வழியில் ஏதாவது ஒரு பெட்டியில் நம் ஆள் ஒருவன் இருந்தானா என்று அந்தச் சொல் சொல்லாது. முந்நூறு அடி உயரத்தில் கண் மூடித் திறக்கிற நேரத்தில் கடந்துபோகிறவனுக்குத் தெரிந்திருக்கவும் முடியாது. ஆனால் 'போக்குவரத்து' என்று வாசிக்கும்போது எனக்கு எஞ்சின் தெரிவதில்லை, சுங்கை பட்டாணி ஸ்டேஷன்தான் தெரிகிறது. இந்த நூல்களை நாம்தான் சரியாக வாசிக்க முடியும் என்று சொன்னது இதனால்தான்.

888 எடுத்த மாதிரியான படங்களில் என்ன தெரியும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வான்படத்தின் அளவு ஒரு எளிய வகுத்தல்தான்: லென்சின் குவியத் தூரத்தைப் பறக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 20 அங்குல லென்ஸ், 20,000 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 12,000க்கு ஒன்று. முப்பது மீட்டர் நீளமான ஒரு தொழிலாளர் கொட்டகை படத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வரும். பூதக்கண்ணாடியில் நன்றாகவே தெரியும். ரயில் மேடு தெரியும். வெட்டிய காடும் வெட்டாத காடும் வேறு வேறு நிறத்தில் தெரியும். பத்து மீட்டர் பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நிழல் சரியாக விழுந்திருந்தால் அதுவும் அகப்படலாம். தோள் அகலம் அரை மீட்டர் உள்ள ஒரு ஆள் 0.04 மில்லிமீட்டர்.

எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்பில் இரண்டாம் உலகப் போரின் உளவுப் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. கிரா பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் போர் முடிவதற்கு முன்பே ஜப்பானியரே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஆகவே 1945 பிப்ரவரியில் எடுத்த படத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. பாதை அதில் முழுசாக இருக்கும், பக்கத்தில் கொட்டகைகள் இருக்கும், எந்த இடத்தில் எத்தனை என்று எண்ணலாம். கொட்டகைக்கு இத்தனை பேர் என்று பழைய வாக்குமூலங்களிலிருந்து எடுத்துப் பெருக்கினால், 70,000க்கும் 90,000க்கும் நடுவே விழுந்தவர்களின் கணக்கை நேர்செய்ய அது போதாது. ஆனால் இந்த 90 கி.மீ. பாதைக்கு மட்டுமாவது ஒரு எண் வரும். சும்போனிலிருந்து தொடங்கி, கொட்டகை கொட்டகையாக.